கர்த்தர் அனுப்பிய ஆள்

வான்கோழியோடு பரிமாறும் ரொட்டிப் பண்டமான ஸ்டஃபிங் செய்வதற்குப் புது ரொட்டி ஆகாது. காலையில் சுட்ட ரொட்டியைத் துண்டுபோட்டு வெண்ணெயும் சாறும் ஊற்றினால் அரைமணி நேரத்தில் களியாகிவிடும். இரண்டு மூன்று நாள் கிடந்து இறுகிய ரொட்டிதான் சாற்றைக் குடித்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். ரொட்டி பழசாவதென்றால் காய்ந்துபோவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சுடும்போது நீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து ஆறிய பின் மெல்ல மெல்லத் திரும்பவும் இறுகுகிறது. காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தாலும் இது நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். இப்படி இறுகிய ரொட்டியிலிருந்து ஈரத்தையும் போக்கியாக வேண்டும். அதற்காகச் சிறு சதுரங்களாக நறுக்கி, தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம்போல் உலர்த்துகிறோம்.

நாங்கள் என்று நான் சொல்வது மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்குத் தெற்கே உள்ள கடலோர ஊர் ஒன்றின் காங்கிரிகேஷனல் சபையை. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி செலுத்தும் நாளன்று, வீட்டில் தனியாகச் சாப்பிட வேண்டியிருப்பவர்களுக்குச் சபை மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு போடுகிறோம். ஊரிலுள்ள ரொட்டிக்கடைகள் விற்காமல் நின்ற ரொட்டியை அந்த வாரத் தொடக்கத்திலிருந்தே கொடுத்துவிடும். ஸ்டஃபிங் என் பொறுப்பு. நான் மதுரைப் பசுமலைக்காரி. அமெரிக்கன் மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். அந்த மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டை 1810-ல் தொடங்கியவர்கள் இதே மாசசூசெட்ஸ் காங்கிரிகேஷனல்காரர்கள். அவர்களுடைய மிஷனெரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்தார்கள். அதனால் இங்கே வேலைக்கு வந்து இந்த மண்டபத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, கேள்விப்பட்டு மட்டுமே இருந்த உறவுக்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

கணக்கு எளிது. 450 கிராம் ரொட்டிக்கு 115 கிராம் வெண்ணெய், இரண்டு பல்லாரி வெங்காயம், நான்கு தண்டு செலரி. வெண்ணெயில் வெங்காயமும் செலரியும் சிவக்கக் கூடாது. கண்ணாடி போலாகி இனிப்பு மணம் வரும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். பிறகு சேஜ், தைம், பார்ஸ்லி, மிளகு. சேஜ் இலைதான் இந்தப் பண்டத்துக்குப் பேர் வாங்கித் தருவது; கூடினால் கசக்கும், குறைந்தால் வெறும் நனைந்த ரொட்டி. இந்த ஊர்க்காரர்கள் 1867-லிருந்து விற்கும் பெல்ஸ் மசாலாப் பொடியை ஒரு கரண்டி சேர்க்காமல் விட மாட்டார்கள், அந்த மணம் அவர்களுக்கு அம்மாவின் அடுப்படி. வான்கோழி எலும்பில் காய்ச்சிய சாறு இரண்டரைக் கப், அடித்த முட்டை இரண்டு. சாற்றை ஒரேயடியாகக் கொட்டாமல் ஊற்றி, கிளறி, நிறுத்தி, ரொட்டி குடிப்பதைப் பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். வான்கோழியின் வயிற்றுக்குள் அடைத்துச் சுடுவது பழைய முறை. அப்படிச் செய்தால் அடைத்ததன் நடுப்பகுதியும் 74 டிகிரியை எட்டியாக வேண்டும், இல்லையென்றால் கிருமி சாகாது. அந்தச் சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். முதியவர்கள் நிறைய வரும் பந்தி என்பதால் நான் தட்டத்தில் தனியாகத்தான் சுடுகிறேன். 175 டிகிரியில், முதலில் மூடி, பிறகு மேற்புறம் பொன்னிறமாக முறுகும்வரை திறந்து.

1621-ல் இதே மாசசூசெட்ஸில், ஆங்கிலேயர்கள் புதிதாகக் குடியேறிய பிளிமத்தில் நடந்த விருந்தை முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்கிறார்கள். அந்தப் பந்தியில் இந்த ரொட்டி ஸ்டஃபிங் இருந்திருக்க முகாந்தரம் இல்லை. அங்கே விளைந்தது சோளம், கோதுமை இல்லை. குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ அந்த டிசம்பரில் எழுதிய கடிதத்தில் காட்டுப் பறவைகளைப் பற்றிச் சொல்கிறார். அந்த மண்ணின் முதற்குடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாய்ட் ஏறத்தாழ 90 ஆட்களோடு வந்து மூன்று நாள் தங்கியதையும், அவர்கள் 5 மான்களைக் கொன்று கொண்டுவந்து கொடுத்ததையும் சொல்கிறார். ஸ்டஃபிங் அடைத்த வான்கோழியைத் தேங்க்ஸ்கிவிங் மேஜையின் தலைமாட்டில் வைத்து எழுதியவர் சாரா ஜோசஃபா ஹேல், 1827-ல் வந்த தம்முடைய நாவலில். தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுவதற்குமான நாளாக்க வேண்டுமென்று அவர் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போரின் நடுவில், 1863-ல், லிங்கன் அதை அறிவித்தார். சரித்திரம் இவ்வளவு போதும். என் மனதை அறுப்பது, பந்திக்கு முந்தைய ஜெபம்.

அந்த ஜெபத்தில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம், ஆகாரத்துக்காக, ஆரோக்கியத்துக்காக, இந்த மேஜைக்காக. சிறு வயதிலிருந்து நான் சொன்ன ஜெபம்தான். பசுமலையில் அறுப்பின் பண்டிகையன்று நெல்லும் வாழைத்தாரும் பூசணிக்காயும் ஆல்டருக்கு முன்னே குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்து ஏலம் போகும். அங்கேயும் இதே ஸ்தோத்திரம். அன்று எனக்கு அதில் கேள்வி இருந்ததில்லை. கேள்வி வந்தது திஸ்குவான்டத்தைப் பற்றி வாசித்த பிறகு.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் ஸ்குவான்டோ. வந்தேறிகளுக்குச் சோளம் நடச் சொல்லித்தந்த நல்ல செவ்விந்தியர். குழிக்குள் மீனைப் போட்டு நடச் சொன்னவர் அவர்தான். அவருடைய ஊரின் பெயர் பட்டக்ஸெட். 1614-ல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயினில் மலகா துறைமுகத்தில் அடிமைகளாக விற்கக் கொண்டுபோனான். அங்கிருந்து அவர் எப்படியோ லண்டன் சேர்ந்தார், ஆங்கிலம் கற்றார், 1619-ல் தம் கரைக்குத் திரும்பினார். திரும்பிப் பார்த்தால் பட்டக்ஸெட்டில் யாரும் இல்லை. 1616 முதல் அந்தக் கடற்கரை நெடுக வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய் ஊரையே துடைத்துவிட்டிருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் பிளிமத் என்று பேர் வைத்துக் குடியேறியது அந்த வெற்று ஊரில்தான். திருத்திய வயல் ஆயத்தமாகக் கிடந்தது.

அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தம் வரலாற்று நூலில் திஸ்குவான்டத்தை, தங்கள் நன்மைக்காகக் கடவுள் அனுப்பிய சிறப்பான கருவி என்ற பொருளில் எழுதுகிறார். பிராட்ஃபோர்ட் பொய் சொல்பவர் அல்லர். வந்த குளிர்காலத்திலேயே கூட்டத்தில் பாதிப்பேரைப் புதைத்தவர். தம் மனைவியையும் இழந்தவர். நன்றி அவருக்கு நெஞ்சின் ஆழத்திலிருந்து வந்திருக்கும். இருந்தும் அந்த வாக்கியத்தை என்னால் கடந்து போக முடியவில்லை. கடவுள் அனுப்பினார் என்றால் எந்த வழியாக அனுப்பினார்? ஹன்டின் கப்பல் வழியாகவா? அந்த நோய் வழியாகவா? ஆங்கிலம் தெரிந்த, போக இடமில்லாத ஒரு மனிதர் பிளிமத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் அவர் கடத்தப்பட்டிருக்க வேண்டும், அவருடைய ஊர் செத்திருக்க வேண்டும். நம் சோளத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லும்போது இவற்றையும் சேர்த்தே கர்த்தரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இது பழைய ஆட்களின் பிழை மட்டும் என்றால் எனக்கு இவ்வளவு வலிக்காது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவள் நான். படுத்த படுக்கையாய் இருக்கும் தாயைப் பார்க்க வரும் மகள்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடவுள்தான் உங்களை எங்களுக்கு அனுப்பினார் என்பார்கள். கண்ணீரோடு சொல்வார்கள். அந்த அன்பு மெய்யானது. அதை வாங்கிக்கொள்ளாமல் இருக்க எனக்கு மனம் வராது. ஆனால் என்னை அனுப்பிய வழி எனக்குத் தெரியும். விசாவுக்காக வாங்கிய கடன், எழுதிய பரீட்சை, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த மகன். அவன் பேசப் பழகிய வருஷங்களை நான் தொலைபேசியில்தான் கேட்டேன். கர்த்தர் என்னை இங்கே கொண்டுவந்தார் என்று சில நாள் நானே ஜெபத்தில் சொல்கிறேன். சில நாள் அந்த வார்த்தை தொண்டையைவிட்டு எழும்புவதில்லை. இன்னொருவர் எனக்குப் பதிலாக அதைச் சொல்லி முடிக்கும்போது, மகனை விட்டுவந்த பெண் அந்த வாக்கியத்துக்குள் எங்கேயும் இல்லை.

இதைச் சபையில் ஒருநாள் செலரி நறுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். எங்கள் மூத்த டீக்கன் ஒருவர், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசேப்பை எடுத்தார். யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் போட்டார்கள், எகிப்துக்குப் போகிற வியாபாரிகளிடம் விற்றார்கள். பஞ்சத்தில் அவர்கள் தானியம் கேட்டு வந்து நின்றபோது, உங்களை உயிரோடு காக்கத் தேவன்தான் என்னை முன்னதாக அனுப்பினார் என்று யோசேப்பே சொல்லவில்லையா? விற்கப்பட்டதும் அனுப்பப்பட்டதும் ஒன்றாகவே இருக்கலாம் என்றுதானே ஆதியாகமம் சொல்கிறது?

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. வாதம் பலமானது, இன்றும் அதை நான் இலேசாக நினைக்கவில்லை. கடவுள் தீமையின் நடுவிலும் வேலைசெய்ய மாட்டார் என்றால் எனக்கு விசுவாசிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஆதியாகமம் 45-ஐத் திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த வார்த்தையைச் சொன்னவர் யோசேப்பு. குழிக்குள் கிடந்தவர், சிறையில் கிடந்தவர். அதுவும் சத்தமிட்டு அழுத பிறகு சொன்னார். அதே வார்த்தையை ரூபனோ யூதாவோ சொல்லியிருந்தால்? நாங்கள் உன்னை விற்றோம், ஆனால் பார், தேவன்தான் உன்னை எங்களுக்காக அனுப்பினார் என்று அவர்கள் எகிப்தின் அரண்மனையில் நின்று சொல்லியிருந்தால், கேட்கவே கூசும். அவர்கள் அதைச் சொல்லவில்லை. பயந்து, பேச்சற்று நின்றார்கள். ஒரு துன்பத்தில் கடவுளின் கை இருந்ததென்று அறிக்கையிடும் உரிமை அதைச் சுமந்தவருக்கு உண்டு, அதனால் நன்மை அடைந்தவருக்கு இல்லை. திஸ்குவான்டம் 1622 நவம்பரில் காய்ச்சல் கண்டு இறந்தார். தம் வாழ்வைப் பற்றி அவர் எதுவும் எழுதிவைக்கவில்லை. பிராட்ஃபோர்ட் சொன்னதுதான் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது சகோதரர்கள் சொன்ன கதை.

டீக்கனிடம் இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. தேவனுடைய கருவியாவது கனமல்லவா, பவுலே தெரிந்துகொள்ளப்பட்ட பாத்திரம்தானே என்றார். உண்மைதான். ஆனால் பவுலை எடுத்துக்கொள்ளும் முன் தேவன் அவரை வழியில் நிறுத்தி, பேர் சொல்லி, இரண்டு தரம் கூப்பிட்டார் அல்லவா? மோசேயை அனுப்பும்போது அவர் சாக்குமேல் சாக்காகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் கொடுத்தார். யோனா கப்பல் ஏறி ஓடியே போனார். வேதத்தில் தேவன் அனுப்பும் மனிதர்கள் வாக்குவாதம் பண்ணுகிறார்கள், பயப்படுகிறார்கள், மாட்டேன் என்கிறார்கள். கரண்டி மாட்டேன் என்று சொல்லாது. திஸ்குவான்டமும் வெறும் கருவியாக நடந்துகொண்டவர் அல்லர். கொள்ளைநோயை ஆங்கிலேயர்கள் மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள், நான் சொன்னால் அவிழ்த்துவிடுவார்கள் என்று மற்றவர்களைப் பயமுறுத்தி, தமக்கென்று ஓர் அதிகாரத்தைத் தேடப் பார்த்தார். மாசசாய்ட் அவரைக் கொல்ல ஒப்படைக்கும்படி கேட்கும் அளவுக்குப் போயிற்று. ஊர் இல்லாமல் போனவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த ஆசையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யார் என்பது தெரியும். சோளம் நடச் சொல்லித்தந்த கையை மட்டும் வெட்டியெடுத்துக் கடவுளின் கையோடு ஒட்டவைத்தால் ஆள் எங்கே போனார்?

பிளிமத்துக்காரர்கள் கால்வினின் வழி நடந்தவர்கள். கால்வின் 1559-ல் முடித்த கிறிஸ்தவ மார்க்க நூலின் முதல் புத்தகத்தில், கடவுளின் பராமரிப்பைப் பற்றிய 17-ஆம் அதிகாரத்தில், இதற்கு நேராகவே ஒன்று சொல்லியிருக்கிறார். எல்லா நன்மைக்கும் மூலம் கடவுளே. ஆனாலும் யார் வழியாக நன்மை வந்ததோ அவர்களைக் கருவிகள்தானே என்று பக்தன் ஒதுக்கிவிட மாட்டான், அவர்களுக்கும் தான் கடன்பட்டவன் என்றே எண்ணுவான் என்பது அவர் கருத்து. கடவுளின் முழு ஆளுகையை அவரளவு வற்புறுத்தியவர் குறைவு. அவரே இதை எழுதியிருக்கிறார். கடவுளுக்கு நன்றி சொன்னால் மனிதருக்குச் சொல்ல வேண்டிய நன்றி தீர்ந்துவிடாது. இரண்டும் இரண்டு கடன். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு வைத்த 11-ஆம் அதிகாரத்தில் உதவி செய்தவரும் பெற்றவரும்தான் இருக்கிறார்கள். கடவுளைப் போற்றுவதற்கு முதல் அதிகாரத்தை வைத்தவர், நன்றியைச் சொல்லும் இடத்தில் மனிதரையே எதிரே நிறுத்துகிறார். பசுமலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது விளங்காதது இப்போது விளங்குகிறது.

பிராட்ஃபோர்டின் கூட்டம் இதை அறியாமலும் இல்லை. 1620 நவம்பரில் கேப் காட் கரையில் இறங்கித் தேடியபோது, மணலுக்குள் யாரோ கூடைகளில் புதைத்து வைத்திருந்த விதைச்சோளத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். கடவுள் கொடுத்தார் என்றே எழுதினார்கள். ஆனால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு சோளத்தின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்து ஈடு கொடுத்தார்கள். அந்த முழு வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். நன்றி செலுத்தும் நாள் என்று ஒன்றை நான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், மூன்று நாள் விருந்தை விட்டுவிட்டு, ஈடு கொடுத்த அந்த நாளை எடுப்பேன்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கடன் உண்டு. என் தாத்தா திருமங்கலம் பக்கத்தில் உபதேசியாராக இருந்தவர். மிஷனெரி துரை வருஷத்தில் ஓரிரு முறை வந்துபோகும் கிராமங்களில், வெயிலில் நடந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, சவம் அடக்கி, சண்டை தீர்த்தவர்கள் அவரைப் போன்றவர்கள்தான். போர்டின் பழைய ஆண்டறிக்கைகளில் மிஷனெரிகளுக்குப் பேர் உண்டு. இவர்கள் சுதேச உதவியாளர்கள் என்று தலைக்கணக்காகவே நிற்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்தது. 1663-ல் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் மிஷனெரி ஜான் எலியட்டின் வேதாகமம் இந்நாட்டு முதற்குடிகளின் மொழியில் அச்சேறியது, அமெரிக்காவில் அச்சான முதல் முழு வேதாகமம் அதுவே. எலியட்டின் பேரை எல்லாரும் அறிவார்கள். அதற்கு எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரின்டர். அவர் பேரை நான் கேள்விப்பட்டதே இங்கு வந்து பல காலம் கழித்து. வேலையையே பேராக வைத்துவிட்டார்கள்.

பரிசேயன், ஆயக்காரன் உவமையை இப்போது வேறு காதோடு கேட்கிறேன். லூக்கா 18-ல் பரிசேயன் ஆலயத்தில் பண்ணுவது விண்ணப்பம் அல்ல, ஸ்தோத்திரம். தன்னை மற்றவரைப் போல ஆக்காததற்காக அவன் தேவனுக்கு நன்றி சொல்கிறான். நன்றியறிதலின் வடிவம் பிசகாமல் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மனிதன் மட்டும் அவனுக்குத் தன் நன்றியை அளந்துகாட்டும் கோலாகிவிட்டான். நம் மேஜையில் பலகாரம் இருப்பதற்காகவும், பட்டினி கிடப்பவன் நாமில்லை என்பதற்காகவும் சொல்லும் ஸ்தோத்திரம் அந்த ஜெபத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நடுங்குகிறது.

டீக்கனும் நானும் பேசிப் பேசி, போதகர் சம்மதித்து, பந்தி ஜெபத்தை மாற்றினோம். முதலில் டீக்கன் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பண்ணுகிறார். அதில் ஒரு வார்த்தையும் குறையவில்லை. பிறகு நான் நன்றிகளை வாசிக்கிறேன், ரொட்டி கொடுத்த கடைகளின் இரவு வேலைக்காரர்களுக்கு, வான்கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும் கூடங்களில் நிற்பவர்களுக்கு, கிரான்பெர்ரி தோட்டத்தில் தண்ணீருக்குள் நின்று வாரியவர்களுக்கு. பேர் தெரிந்தால் பேரோடு சொல்கிறோம். தெரியாத இடத்தில், தெரியாது என்பதையும் சொல்கிறோம். திஸ்குவான்டத்தின் பேரும் வருகிறது. அவர் பேருக்கு முன்னால் அனுப்பப்பட்டவர் என்று நாங்கள் சேர்ப்பதில்லை. கடத்தப்பட்டவர், ஊரை இழந்தவர், சோளம் நடச் சொல்லித்தந்தவர் என்று மட்டும் வாசிக்கிறேன். ஸ்டஃபிங் தட்டங்கள் அதுவரை அடுப்பிலேயே இருக்கும். முதல்முறை இது தெரியாமல் முன்னதாக எடுத்துவைத்து மேல்முறுகல் தளர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் நாங்கள் பரிமாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளிமத்தில் கோல்ஸ் ஹில் மேட்டில் வாம்பனோவாக் மக்களும் மற்ற முதற்குடிகளும் கூடி நிற்கிறார்கள். 1970-லிருந்து அந்த நாளை அவர்கள் தேசியத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பட்டக்ஸெட்டோடு அந்த மக்கள் முடிந்துபோகவில்லை. மாஷ்பீ வாம்பனோவாக் இனத்தை மத்திய அரசு 2007-ல்தான் அங்கீகரித்தது. 2015-ல் அவர்களுக்காக 321 ஏக்கர் நிலத்தைப் பொறுப்பேற்ற அதே அரசு 2020-ல் அதைத் திரும்ப எடுக்கப் பார்த்தது. வழக்கு நடந்து, 2021-ல்தான் நிலம் அவர்களுடையதென்று உறுதியாயிற்று. முழுக் கடற்கரையும் தங்களுடையதாக இருந்தவர்கள் 321 ஏக்கருக்காக நீதிமன்றம் ஏறினார்கள். மேஜையில் பேர் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டால் போதாது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரு சபைச் சமையலறை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

வழி சொன்னவர் டீக்கன். வழக்கொழிந்து போயிருந்த வாம்பனோவாக் மொழியை 1993-லிருந்து மீட்டெடுத்து, அந்த மக்களின் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். மொழியைத் திரட்ட அவர்களுக்குப் பெரிதும் உதவிய பழைய ஏடுகளில் ஒன்று அந்த 1663 வேதாகமம், ஜேம்ஸ் பிரின்டர் எழுத்துக் கோத்தது. தேங்க்ஸ்கிவிங் பந்தியில் விழும் காணிக்கையில் பாதியை அந்த மொழி வகுப்புகளுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சபைக் கூட்டத்தில் எழுந்து முன்மொழிந்தார். காரணம் கேட்டவர்களுக்கு, கேப் காட் மணலில் எடுத்த சோளத்துக்கு நம் முன்னோர் ஈடு கொடுத்தார்களே, அந்தக் கணக்கு அதோடு முடிந்துவிட்டதா என்று கேட்டார். தொகை சிறியது. தீர்மானம் நிறைவேறியது. யோசேப்பைப் பற்றி அவர் இன்னும் என்னோடு ஒத்துப்போகவில்லை.